சொம்பு வரைந்தால் கோணிக்கொள்கிறதா? பிசகு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ஓவியம் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்து வைப்பது ஒரு பித்தளைச் சொம்பு. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளின் புண்ணியத்தில் எங்கள் பக்கம் சொம்புக்குப் பஞ்சமில்லை. வட்டமான வாய், ஒடுங்கிய கழுத்து, பருத்த வயிறு, உட்காரும் அடி என்று ஆரம்பத்தில் கற்க வேண்டியதில் பாதி இந்த ஒரு பாத்திரத்திலேயே இருக்கிறது. குழந்தைகளும் வருகிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். வரைந்து முடித்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கை வர மாட்டீங்குதுங்க."

பெரும்பாலான படங்களில் கையில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலோ பார்த்த விதத்திலோதான் பிசகு நடந்திருக்கிறது. அதனால் ரப்பரைத் தொடும் முன் உங்கள் படத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்து, கீழே அதற்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில் வரும். வரிசையை மாற்றாதீர்கள். இருக்கையைச் சரிசெய்தாலே தீர்கிற கோளாறுக்கு விலையுயர்ந்த பென்சில் பெட்டி வாங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

## பென்சில் எடுக்கும் முன்

இதை எல்லா அறிகுறிக்கும் பொதுவாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சொம்பிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி உட்காருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டால் வாயை எட்டிப் பார்ப்பீர்கள், வயிற்றைச் சாய்ந்து பார்ப்பீர்கள், அடியைக் குனிந்து பார்ப்பீர்கள். மூன்று கோணமும் ஒரே படத்தில் சேராது. சொம்பின் அடியைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள், நாற்காலிக் கால்களுக்கும் அதே மாதிரி அடையாளம் வையுங்கள். நடுவில் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் அதே இடத்தில் உட்கார முடியும்.

தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள். அட்டையின் கீழ் விளிம்பு மடியிலும் மேல் விளிம்பு மேசை ஓரத்திலும் இருக்கட்டும். சொம்பும் தாளும் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்க்கிற மாதிரி அமைய வேண்டும்.

வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வரட்டும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: "வாய் மட்டும் எலுமிச்சம்பழமாட்டப் போயிருதுங்க"

இரண்டு ஓரமும் கூராக, நடுவில் பருத்து இருக்கும். முதல் படத்திலேயே பலருக்கும் வருவது இதுதான்.

முதல் காரணம்: வாயை இரண்டு வில்லாகப் போட்டிருப்பீர்கள். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டையும் ஓரத்தில் சேர்த்திருப்பீர்கள். சேரும் இடத்தில் முனை வந்தே தீரும். உண்மையான விளிம்பில் முனை கிடையாது. விளிம்பு ஓரத்தில் சின்னதாகத் திரும்பி அப்படியே பின்பக்கம் போகும். சோதிக்க எளிய வழி: படத்தின் நடுப்பகுதியை இரண்டு கைகளாலும் மறைத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மட்டும் பாருங்கள். அங்கே திருப்பம் தெரிகிறதா, முனை தெரிகிறதா?

சரிசெய்வது: பென்சில் தாளில் படாமல் காற்றிலேயே நாலைந்து சுற்று சுற்றுங்கள். கை ஒரே வேகத்துக்கு வந்ததும் அப்படியே மெல்ல இறக்கி, நிறுத்தாமல் இரண்டு மூன்று சுற்று லேசாகப் போடுங்கள். நாலு கோடு ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தால் பரவாயில்லை. அதில் நல்லதைப் பிறகு அழுத்திக்கொள்ளலாம்.

அடுத்த காரணம்: மணிக்கட்டால் வரைகிறீர்கள். எழுதும்போது பிடிப்பது போலப் பென்சிலின் நுனிக்குப் பக்கத்தில் பிடித்தால் விரலும் மணிக்கட்டும் மட்டும் அசையும். அந்தச் சின்ன அசைவில் பெரிய நீள்வட்டம் முழுதாக வராது. பிடியை ஒரு மூன்று விரல்கடை மேலே ஏற்றி, முழங்கையும் தோளும் அசைகிற மாதிரி வரையுங்கள். கூடவே படத்தையும் பெரிதாக்குங்கள். வாய் நான்கு விரல் அகலமாவது இருக்கட்டும்.

முனை போய்விட்டது, ஆனால் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது என்றால்: நீள்வட்டத்துக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போடுங்கள். நான்கு கால்பாகம் கிடைக்கும். பட்டர் பேப்பரில் (அடியில் உள்ள கோடு ஊடே தெரியும் மெல்லிய தாள்) ஒரு கால்பாகத்தை மட்டும் நகலெடுத்து, தாளைத் திருப்பித் திருப்பி மற்ற மூன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எந்தக் கால்பாகம் ஒத்துப்போகவில்லையோ அங்கே மட்டும் திருத்தினால் போதும்.

வாய் ரொம்பத் திறந்து, உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தால்: வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். அந்த அறிவு கண்ணை முந்திக்கொண்டு கையை ஓட்டிவிடுகிறது. ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, வாயின் முன்பின் அகலம் அதன் பக்கவாட்டு அகலத்தில் எத்தனை பங்கு என்று அளந்து பாருங்கள். மேசைமேல் இருக்கும் சொம்பை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பல சமயம் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. அளவைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. "இவ்வளவு ஒடுக்கமாங்க?" என்பார்கள். அந்த ஒடுக்கத்தை நம்பி அப்படியே வரையுங்கள்.

விளிம்பின் கனம் சரியாக வரவில்லை என்றால்: வாய்க்கு வெளிவட்டம், உள்வட்டம் என்று இரண்டு நீள்வட்டம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. இடது வலது ஓரங்களில் அகலமாகவும், நமக்கு முன்னாலும் பின்னாலும் ஒடுக்கமாகவும் இருக்கும். பாத்திரத்தைக் கையில் எடுத்துக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்துப் பாருங்கள், உடனே தெரியும்.

## அறிகுறி: அடி தட்டையாக இருக்கிறது, அல்லது சொம்பு அந்தரத்தில் நிற்கிறது

இந்த ஒன்றுக்கு நேரம் செலவழியுங்கள். இது பிடிபட்டால் டம்ளர், குடம், அண்டா, கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாமே கைக்கு வந்துவிடும்.

முதல் காரணம்: அடிக்கு நேர்கோடு போட்டிருப்பீர்கள். மேசை தட்டை, சொம்பு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அடியும் நேராக இருக்கும் என்று மனசு சொல்கிறது. வாயை வளைத்து வரைந்த அதே ஆள் அடியை ஸ்கேல் வைத்ததுபோல் வரைவார். கண்ணுக்குக் கீழே இருக்கும் எந்த வட்டமும் நேர்கோடாகத் தெரியாது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு வளையலைப் படுக்கைவாட்டில், சரியாகக் கண்மட்டத்தில் பிடியுங்கள். ஒற்றைக் கோடாகத் தெரியும். படுக்கைவாட்டம் மாறாமல் அப்படியே மெல்ல இறக்குங்கள். மார்பு உயரத்தில் ஒடுங்கிய நீள்வட்டம், இடுப்பு உயரத்தில் இன்னும் அகன்றது, குனிந்து பார்க்கும் தரையில் கிட்டத்தட்ட முழு வட்டம். கண்ணிலிருந்து கீழே போகப் போக வட்டம் திறந்துகொண்டே போகிறது. ஆகவே சொம்பின் அடி வாயைவிடச் சற்று அதிகமாக வளைய வேண்டும், குறையக் கூடாது.

வளையலில் புரியாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது இது. நேரான கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலக்குங்கள். எங்கள் பக்கம் ஈரோட்டு மஞ்சள் இல்லாத அடுப்படி ஏது? இப்போது விளிம்பு, மஞ்சள் தண்ணீரின் மேல்மட்டம், டம்ளரின் அடி என்று மூன்று நீள்வட்டம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். மூன்றையும் அளந்து பாருங்கள். கீழே இருப்பது மேலே இருப்பதைவிடத் திறந்திருக்கும். அந்த டம்ளரையே ஒருமுறை வரைந்துவிட்டுச் சொம்புக்குத் திரும்பினால், அடிக்கு நேர்கோடு போட உங்கள் கையே ஒப்பாது.

அடுத்த காரணம்: மறைந்த பாதியை விட்டுவிட்டீர்கள். அடியில் கண்ணுக்குத் தெரிவது முன்பக்க வளைவு மட்டும்தான். அதை மட்டும் வரைந்தால் அது எந்த வட்டத்தின் துண்டு என்று கைக்குத் தெரியாது. கண்ணாடியில் செய்த சொம்பு என்று நினைத்துக்கொண்டு பின்பாதியையும் லேசாக வரையுங்கள், பிறகு அழித்துக்கொள்ளலாம். கழுத்துக்கும் வயிற்றின் பருத்த இடத்துக்கும் இதே போல முழு வட்டம் போட்டுப் பாருங்கள்.

வளைவு சரியாக இருந்தும் மிதக்கிறது என்றால்: இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அடிக்கும் மேசைக்கும் இடையே உள்ள நிழல். சொம்பு மேசையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கீற்று, படத்திலேயே கருத்த இடமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கனமான சொம்பும் தரை தொடாது. இரண்டு, மேசையின் பின்விளிம்புக் கோடு. அது சொம்பின் அடியோடு ஒட்டிப் போனால் பாத்திரம் ஒரு கம்பியின்மேல் நிற்பதுபோல் ஆகிவிடும். மேசைக்கோடு அடிக்கு நன்றாக மேலே, வயிற்றுக்குப் பின்னால் மறைந்து போகட்டும்.

## அறிகுறி: ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கிறது

முதலில் சொம்பையே சந்தேகப்படுங்கள். பல வருஷம் புழங்கிய பாத்திரம் எங்காவது விழுந்து நசுங்கியிருக்கும். இருந்த இடத்திலேயே கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். வெளிக்கோடு மாறினால் நசுங்கல் சொம்பில் இருக்கிறது, உங்கள் படம் சரி. கடைசல் பிடித்த நல்ல பாத்திரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வடிவம்தான் காட்டும்.

அடுத்தது நடுக்கோடு. வாயின் நடுவிலிருந்து அடியின் நடுவுக்கு நேராக ஒரு கோடு போடாமல் ஆரம்பித்திருந்தால் இந்தக் கோளாறு வராமல் இருக்காது. நடுக்கோடு போட்டபின் வாய், கழுத்து, வயிறு, அடி என்று நான்கு இடத்திலும் அகலத்தைக் குறியுங்கள். நடுவிலிருந்து இடது எவ்வளவோ வலதும் அவ்வளவு. ஸ்கேல் வேண்டாம், ஒரு தாள் துண்டின் ஓரத்தில் அளவைக் குறித்து மறுபக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் வரையும் வரிசை. இடது பக்கத்தை வாயிலிருந்து அடிவரை ஒரே மூச்சில் வரைந்து முடித்துவிட்டு வலது பக்கத்துக்குப் போகாதீர்கள். வலது கைக்காரர்களுக்கு வலது பக்கம் வரையும்போது அந்தப் பக்கத்தைக் கையே மறைத்துக்கொள்ளும். கழுத்து இடது, கழுத்து வலது, வயிறு இடது, வயிறு வலது என்று மாற்றி மாற்றி இறங்குங்கள்.

சோதனைக்குப் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது தாளின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இடவலம் மாறியதும் இவ்வளவு நேரம் கண்ணுக்குப் பழகிப்போன கோணல் சட்டென்று தெரியும். இன்னும் உறுதி வேண்டுமானால் பட்டர் பேப்பரில் நகலெடுத்து நடுக்கோட்டில் மடியுங்கள்.

## அறிகுறி: முழுச் சொம்பும் ஒரு பக்கம் சாய்கிறது

தாள் அட்டையில் கோணலாக இருக்கிறதா, நீங்கள் மேசைக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அநேகமாக அதுதான். அதுவும் இல்லையென்றால் கொத்தனார் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு நூலில் நட்டோ போல்ட்டோ கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, சொம்பின் நடுவைப் பாருங்கள். அதே நூலைச் சுவரில் ஒட்டிய படத்தின் முன்னும் தொங்கவிடுங்கள். படம் எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

சாய்வு எப்போதும் ஒரே பக்கம்தான் என்றால், அட்டையை அந்தச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துப் பழகுங்கள். எழுத்துப் பழக்கம் அப்படி, குறையில்லை.

இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் சொம்பை மேல்பாதியிலும் தாளைக் கீழ்ப்பாதியிலும் பார்க்கிறீர்கள். தலை ஆடிக்கொண்டே இருந்தால் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். அட்டையை உயர்த்தி வைத்துப் பாருங்கள். புதுக் கண்ணாடி என்றால் பழகச் சில நாள் கொடுங்கள்.

இங்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய இடம்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். பிறகு மறு கண். எந்தக் கண்ணிலாவது நேரான கம்பி நெளிந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அது ஓவியக் கோளாறே இல்லை. விழித்திரையில் பிரச்சினை இருந்தால் இப்படித் தெரியலாம். அதே வாரத்தில் கண் மருத்துவரைப் பாருங்கள். வயதானவர்களிடம் இந்தச் சோதனையை நான் கட்டாயம் செய்யச் சொல்கிறேன்.

## அறிகுறி: சொம்பு குடமாகிவிட்டது, அல்லது கூஜாவாக நீண்டுவிட்டது

அளவுக் கோளாறு. மேல்பாதி நீண்டு பெருத்திருந்தால் தாளை மேசையில் படுக்கப் போட்டு வரைந்திருப்பீர்கள். படுத்த தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகிச் சுருங்கித் தெரிவதால் கை அதை ஈடுகட்ட நீட்டி வரைந்துவிடும். அட்டையைச் சாய்த்தால் தீர்ந்தது. வேறு செலவே இல்லை.

அட்டை சாய்ந்துதான் இருந்தது என்றால், பென்சிலால் அளக்கும் முறையைப் பாருங்கள். முழங்கை முழுக்க நீண்டிருக்க வேண்டும். ஒருமுறை நீட்டியும் மறுமுறை மடக்கியும் அளந்தால் இரண்டு அளவும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை வயிற்றின் இடது ஓரத்தில் வைத்து, வலது ஓரம் வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை நிறுத்துங்கள். விரலை நகர்த்தாமல் பென்சிலை நெட்டுக்குத்தாகத் திருப்பி, அந்த நீளம் சொம்பின் உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று பாருங்கள். பென்சில் சொம்பை நோக்கிச் சாயக் கூடாது. கண்ணுக்கு முன்னால் ஒரு ஜன்னல் கண்ணாடி இருப்பதாக வைத்துக்கொண்டு அதில் பென்சில் பதிந்திருப்பதுபோல் பிடிக்க வேண்டும்.

முதலில் தாளில் மேல் எல்லை, கீழ் எல்லை, இடது, வலது என்று நான்கு குறி வையுங்கள். வாயில் ஆரம்பித்து "போகிற போக்கில் போகட்டும்" என்று இறங்கினால் அடி தாளுக்கு வெளியே போகும், இல்லை என்றால் கடைசியில் நசுங்கும்.

செல்போனில் படம் பிடித்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போனைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் வயிறு பெருத்தும் அடி சிறுத்தும் பதியும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து, உங்கள் கண் உயரத்தில் வைத்து எடுங்கள்.

## அறிகுறி: கோடு முழுக்க மயிர் மயிராக, பிய்ந்து பிய்ந்து வருகிறது

பயம்தான் காரணம். ஒரே கோட்டைச் சின்னச் சின்னக் கீறலாகப் போடுகிறீர்கள். எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று இரண்டு புள்ளி வைத்து, கண்ணைப் போய்ச்சேரும் புள்ளியில் வைத்து ஒரே இழுப்பில் இழுங்கள். பழைய செய்தித்தாளில் கழுத்து வளைவை மட்டும் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகுங்கள்.

கை நடுக்கம் வேறு விஷயம். டம்ளர் பிடிக்கும்போதும் சட்டைப் பித்தான் போடும்போதும் கை நடுங்கினாலோ, பெருவிரலும் அதை அடுத்த விரல்களும் ராத்திரியில் மரத்துப்போனாலோ, பயிற்சியைக் கூட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி: நிழல் போட்டதும் சொம்பு அழுக்காகிவிடுகிறது

கோட்டுப்படம் அழகாக இருக்கும். நிழல் போட ஆரம்பித்ததும் கரி பூசியது மாதிரி ஆகிவிடும். இதற்குக் காரணங்கள் நிறைய, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

வெளிச்சம் எத்தனை பக்கம்? மேசையில் விழும் சொம்பின் நிழலை எண்ணுங்கள். இரண்டு நிழல் இருந்தால் இரண்டு வெளிச்சம். ஒன்றை அடைத்துவிடுங்கள். தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவில் திறந்த முற்றம் உள்ள வீடு, வாய்த்தவர்களுக்கு முற்றத்தை ஒட்டிய ஆசாரத்து ஓரம் நல்ல இடம், வானத்து வெளிச்சம் ஒரே பக்கமிருந்து மெதுவாக இறங்கும்.

பாத்திரம் எது? எவர்சில்வர் சொம்பை வைத்துக்கொண்டு நிழல் பழக ஆரம்பித்திருந்தால் அங்கேயே சிக்கல். எவர்சில்வரில் நிழல் படிப்படியாக மாறாது. ஜன்னல், சுவர், உங்கள் சட்டை எல்லாம் அதில் தெரிந்து, கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் ஒட்டி ஒட்டி நிற்கும். அதை இதமாகத் தேய்த்தால் அழுக்காகத்தான் தெரியும். எவர்சில்வரை வரைவதானால் அந்தப் பட்டைகளைக் கூரான ஓரத்தோடு அப்படியே வரைய வேண்டும். ஆரம்பத்தில் மண்சட்டியோ, புளி போட்டுத் துலக்காத பித்தளைச் சொம்போ எடுங்கள். துலக்காத பித்தளையைக் காலை வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். ஜன்னல் பக்கத்துத் தோளில் ஒரு மங்கிய வெளிச்சம், அங்கிருந்து வயிற்றைச் சுற்றி மெல்ல மெல்ல இருட்டு, கடைசியில் ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த இருட்டு நின்று, ஓரத்தில் மறுபடி லேசாகத் தேன் நிறம் எட்டிப் பார்க்கும். மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அது.

அந்த ஓர வெளிச்சத்தை விட்டுவிட்டீர்களா? பலரும் ஓரத்தைத்தான் எல்லாவற்றையும்விடக் கருப்பாக்குகிறார்கள். அதனால் உருண்டை தட்டையாகிவிடும். ஆழ்ந்த நிழல் ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஓரத்தில் ஒரு படி வெளுப்பு. இதைச் சரிசெய்ததும் வயிறு உருண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விரலால் தேய்க்கிறீர்களா? நிறுத்துங்கள். விரல் எண்ணெயும் வியர்வையும் தாளில் இறங்கினால் அந்த இடம் பிறகு ரப்பருக்கும் மசியாது. சித்திரை வெயிலில் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் படியும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். நிழலைக் கோடு கோடாக, வயிற்றின் வளைவோடு சேர்ந்து போட்டாலே இதமாக வரும்.

பளபளவென்று மின்னுகிறதா? ஒரே எச்.பி. பென்சிலால் அழுத்தி அழுத்திக் கருப்பு வரவழைத்திருப்பீர்கள். கருப்பு வராது, மினுக்கம்தான் வரும். தாளும் பள்ளமாகிவிடும். 2பி ஒன்று, 4பி ஒன்று வாங்குங்கள். எந்த நிறுவனத்துடையது என்பது இந்தக் கட்டத்தில் பொருட்டில்லை. லேசான நிழலுக்கு 2பி, இருட்டுக்கு 4பி, இரண்டையும் அழுத்தாமல் இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள்.

தாள் நூல் நூலாகப் பிரிகிறதா? கோட்டுப் பயிற்சிக்குச் சாதாரண ஏ4 தாளே தாராளம். கரூர்ப் பக்கம் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளில்தான் எங்கள் பிள்ளைகள் பக்கம் பக்கமாக நீள்வட்டம் போடுகிறார்கள். நிழல் அடுக்குக்கு மட்டும் கனமான தாள் வேண்டும். ஸ்டேஷனரி கடையில் 120 ஜி.எஸ்.எம்.க்கு மேல் உள்ள டிராயிங் தாள் என்று கேளுங்கள். தடவினால் லேசாகச் சொரசொரப்புத் தெரிய வேண்டும். வழவழப்பான சார்ட் தாளில் பென்சில் வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்குமேலும் வெளிச்சம் ஒத்துவரவில்லை, ராத்திரியில்தான் வரைய நேரம் கிடைக்கிறது என்கிறவர்கள் ஒரு மேசை விளக்கு வாங்கலாம். இந்தக் குறிப்பில் நான் சொல்லும் பெரிய செலவு அதுதான்.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் முத்திரை குத்தியது மாதிரி இருக்கிறது

சுற்றிலும் ஒரே கனத்தில் வெளிக்கோடு போட்டிருப்பீர்கள். வெளிச்சம் விழும் பக்கம் கோட்டை ரப்பரால் ஒற்றி மெலிசாக்குங்கள், நிழல் பக்கமும் அடியும் மட்டும் அழுத்தமாக இருக்கட்டும். பின்னால் சுவர் இருட்டாக இருந்தால் வெளிச்சப் பக்கத்துக்குக் கோடே தேவையில்லை, பின்னணி நிழலே ஓரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி: தூக்குப்போசியின் கைப்பிடி ஒட்டவே மாட்டேன் என்கிறது

சொம்பு தேறியவர்கள் அடுத்து எடுப்பது தூக்குப்போசி, அதாவது மூடியும் கம்பிக் கைப்பிடியும் உள்ள தூக்குவாளி. கைப்பிடிக் கம்பியை வரையாதீர்கள். கம்பிக்கும் மூடிக்கும் நடுவில் தெரிகிற வெற்றிடம் என்ன வடிவம் என்று பார்த்து அந்த வெற்றிடத்தை வரையுங்கள். கம்பி தானாக அமைந்துவிடும். கம்பி மாட்டியிருக்கும் இரண்டு காதும் கழுத்தின் நீள்வட்டத்தில் எதிரெதிராக இருக்கின்றனவா என்று ஒரு கோடு போட்டுச் சரிபாருங்கள். அந்தக் கோடு நீள்வட்டத்தின் மையம் வழியாகப் போக வேண்டும்.

## எப்போது ஆசிரியரிடம் போவது

மேலே சொன்னதை வரிசையாகச் செய்து, ஒரே பிசகு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் இனித் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். நம் கை அசைவதை நாமே பார்க்க முடியாது. குறிப்பாக, நீள்வட்டத்தில் முனை போகவே இல்லை என்றாலும், அளந்து குறித்த பிறகும் வடிவம் மாறிப்போகிறது என்றாலும், பக்கத்தில் நின்று ஒருவர் பார்த்தால் சில நிமிஷத்தில் பிடித்துவிடுவார்.

பிள்ளைகளுக்கென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவியம் சொல்லித்தருகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். சான்றிதழ் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் உண்டு, கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படி. பொருளை முன்னால் வைத்துப் பார்த்து வரையும் மாடல் டிராயிங் அதில் வருவதால் இந்தச் சொம்புப் பழக்கம் நேராக உதவும்.

தனியார் வகுப்பு என்றால் சேரும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். மேசைமேல் உண்மையான பாத்திரமோ காயோ பூவோ இருக்கிறதா, இல்லை இன்னொரு படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு நகலெடுக்கிறார்களா? நகலெடுக்கும் வகுப்பில் மேலே சொன்ன ஒரு கோளாறும் தீராது. பணம் கட்டாதீர்கள்.

போகும்போது நன்றாக வந்த படத்தை எடுத்துப் போகாதீர்கள். தேதி போட்ட, அழிக்காத, கோணிய படங்களையும் அதே சொம்பையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆசிரியரை வரைந்து காட்டச் சொல்ல வேண்டாம். "நான் வரையறேனுங்க, எங்க பிசகுதுன்னு பக்கத்துல நின்னு பாருங்க" என்று கேளுங்கள்.